தயாரா, இல்லையா: கயிறு யார் கையில் இருக்கிறது?

மோசஸ் இட்டௌமா என்ற பெயரை எங்கள் மாலைப் படிப்பகத்துப் பையன்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சாத்தம் என்ற ஊரில் வளர்ந்த ஹெவிவெயிட் குத்துச்சண்டை வீரர். அப்பா நைஜீரியர், அம்மா ஸ்லோவாக்கியர். 2023 ஜனவரியில் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 2025 ஆகஸ்ட் 16 அன்று ரியாத்தில், டிலியன் வைட் என்ற அனுபவசாலியை முதல் ரவுண்டிலேயே, இரண்டு நிமிடம் முடியும் முன்பே வீழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 20. ஆடிய 13 ஆட்டத்திலும் வெற்றி, அதில் 11 நாக் அவுட்.

அன்றிலிருந்து பிரிட்டனில் ஒரே கேள்விதான். இந்தப் பையன் உலகப் பட்டத்துக்குத் தயாரா?

தயார் என்பவர்கள் அவருடைய வேகத்தைக் காட்டுகிறார்கள். இடதுகைக்காரர், எடைக்கு மீறிய சுறுசுறுப்பு, எதிராளி யோசிப்பதற்குள் மூன்று குத்து. இன்னும் இல்லை என்பவர்கள் வேறு கணக்குச் சொல்கிறார்கள். வைட்டுக்கு அப்போது 37 வயது, உச்சத்தைத் தாண்டியவர். இட்டௌமா அதுவரை ஆறு ரவுண்டுக்கு மேல் ஆடியதே இல்லை. உலகப் பட்ட ஆட்டமோ 12 ரவுண்டு. கால் கனத்த பிறகு, மூச்சு வாங்கிய பிறகு, நெற்றிப்பொட்டில் ஒரு நல்ல அடி விழுந்த பிறகு இவர் எப்படிப்பட்ட ஆள் என்பது யாருக்கும் தெரியாது. ஒருவேளை அவருக்கே தெரியாது.

தோழர்களே, இந்தத் தளத்தில் பாக்ஸிங் எதற்கு என்று நினைக்க வேண்டாம். நம் வாழ்க்கை முழுக்க யாரோ ஒருவர் நம்மைப் பார்த்து "நீ இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார். சில நேரம் அது அக்கறை, சில நேரம் அது கதவு. இரண்டும் ஒரே வாக்கியத்தில், ஒரே குரலில் வருவதால் பிரித்தறிய நம் பிள்ளைகள் திணறுகிறார்கள். குத்துச்சண்டையில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி நடக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. சமூகவியலில் முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்ட நேர்காணலுக்குப் போனேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். உப்பளப் பெண்களின் கூலி பற்றி ஆய்வு செய்ய விரும்புவதாகச் சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்துக்கொண்டே, "நல்ல ஆர்வம்மா, ஆனா ரிசர்ச்சுக்கு இன்னும் நீ ரெடியாகலை" என்றார். எதில் குறை, எந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், எத்தனை மாதம் கழித்து வரலாம் என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

அந்தப் பதிலில்லாமையை வைத்துத்தான் இன்றுவரை நான் தீர்ப்புச் சொல்பவர்களை எடை போடுகிறேன்.

ஓர் ஆட்டக்காரரை எப்படி எடை போடுவது

இந்தியாவிலிருந்து ஓர் உதாரணம். விஜேந்தர் சிங்கை எல்லோருக்கும் தெரியும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம். இந்தியக் குத்துச்சண்டைக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2015இல், 29 வயதில், பிரிட்டனின் குயின்ஸ்பெரி நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு மான்செஸ்டருக்குப் போனார். இட்டௌமாவின் ஆட்டங்களை நடத்துவதும் அதே நிறுவனம்தான். லீ பியர்டு என்ற பயிற்சியாளரிடம் புதிதாகக் கற்கத் தொடங்கினார்.

புதிதாகவா, ஒலிம்பிக் பதக்கக்காரரா என்று கேட்கலாம். ஆமாம். அமெச்சூர் ஆட்டம் சில ரவுண்டில் முடிந்துவிடும். வேகமாகத் தொட்டுவிட்டு விலகினால் புள்ளி. தொழில்முறையில் கிளவுஸ் மெல்லியது, தலைக்கவசம் கிடையாது, ரவுண்டு அதிகம். விலா எலும்புக்கு அடித்து அடித்து எதிராளியின் மூச்சைத் திருடுவது ஒரு தனிக் கலை. நூறு மீட்டர் ஓடுபவரை மாரத்தானுக்கு மாற்றுவது போன்ற வேலை.

அவரை ஏற்றியவர்கள் படி படியாக ஏற்றினார்கள். 2015 அக்டோபர் 10 அன்று மான்செஸ்டரில் சோனி ஒயிட்டிங்கோடு முதல் ஆட்டம், மூன்றாவது ரவுண்டில் வெற்றி. அடுத்தடுத்து ஆறு ஆட்டமும் பாதியிலேயே முடிந்தன. ஊடகங்கள் கொண்டாடின. தெரிந்தவர்கள் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்கள். ஆறு பேரை வீழ்த்தினார் சரி, அந்த ஆறு பேர் யார்?

2016 ஜூலை 16 அன்று டெல்லியில் கெர்ரி ஹோப் வந்தபோதுதான் உண்மையான பரீட்சை. ஹோப் விழவில்லை. விஜேந்தர் முதல்முறையாகப் பத்து ரவுண்டு முழுக்க ஆடினார், புள்ளியில் தெளிவாக வென்றார். ஆசிய பசிபிக் பட்டம் கிடைத்தது. என்னைக் கேட்டால் முந்தைய ஆறு நாக் அவுட்டையும் சேர்த்துவைத்தாலும் இந்த ஒரு ஆட்டம் சொன்ன சேதிக்கு ஈடாகாது. பத்தாவது ரவுண்டிலும் கை மேலே இருந்தது, திட்டம் கலையவில்லை.

2017 ஆகஸ்டில் மும்பையில் சீனாவின் சுல்பிகார் மைமைத்தியாலியோடு ஆடியது மறுபக்கத்தைக் காட்டியது. வென்றார், ஆனால் நூலிழையில். தன்னைவிட ஏழெட்டு வயது சின்னப் பையன் முன்னேறி முன்னேறி வந்தபோது பின்வாங்க வேண்டியிருந்தது. அதன்பிறகு ஆட்டங்களுக்கு இடையிலான இடைவெளி நீண்டது. 12 வெற்றிக்குப் பின், 2021 மார்ச்சில் கோவாவில் ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சானிடம் ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். அப்போது வயது 35. உலகப் பட்ட ஆட்டம் அவருக்கு வரவே இல்லை.

அவர் தயாராக இல்லாமல் போனாரா, அல்லது தயாராவதற்குள் வயது போய்விட்டதா? இரண்டாவதுதான் என்பேன். 22 வயதில் அந்தப் பயிற்சி கிடைத்திருந்தால் கதை வேறு. தயார்நிலைக்குக் காலமும் ஓர் அளவு. அது யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

தோற்றவுடன் தீர்ப்பு எழுதுபவர்களுக்காக இன்னொரு பெயர். அமீர் கான், பாகிஸ்தான் வம்சாவளி பிரிட்டிஷ்காரர். 17 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி. 2008 செப்டம்பரில் பிரெய்டிஸ் பிரெஸ்காட் என்ற கொலம்பியர் அவரை 54 விநாடியில் சாய்த்தார். கண்ணாடித் தாடை, கதை முடிந்தது என்று எழுதினார்கள். அவர் பயிற்சியாளரை மாற்றினார், அமெரிக்காவில் ஃபிரெடி ரோச்சிடம் போனார். ஓர் ஆண்டுகூட ஆகவில்லை, 2009 ஜூலையில் உலகச் சாம்பியன். அந்த 54 விநாடி அவரிடம் என்ன குறை என்று காட்டியது, அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய அவருக்குப் பணமும் ஆளும் இருந்தார்கள். நம் பிள்ளைகள் 54 விநாடியில் விழுந்தால் அடுத்த ஆட்டமே கிடையாது.

ஆகவே, ஓர் ஆட்டக்காரரைப் பார்க்கும்போது எத்தனை வெற்றி என்பதை எண்ணுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். யாரை வென்றார்? எத்தனை ரவுண்டு நின்றிருக்கிறார்? அடி வாங்கியபின் என்ன செய்தார்? முதல் திட்டம் பலிக்காதபோது இரண்டாவது இருந்ததா? கார்னரில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லக்கூடியவர் சொல்லும் "இன்னும் இல்லை" என்பதை மரியாதையோடு கேட்கலாம்.

கேள்வியே கேட்காத தீர்ப்பு

விஜேந்தர் போன அதே மான்செஸ்டரில், 1902இல் பிறந்தவர் லென் ஜான்சன். அப்பா சியரா லியோனிலிருந்து வந்தவர், அம்மா வெள்ளையினத்தவர். 1920களில் பிரிட்டனின் மிகச்சிறந்த மிடில்வெயிட் ஆட்டக்காரர்களில் ஒருவர். பிரிட்டிஷ் சாம்பியனாக இருந்த ரோலண்ட் டாடையே வென்றிருக்கிறார். ஆனால் பட்டத்துக்காக மோத விடவில்லை. காரணம், பிரிட்டிஷ் பட்டத்துக்கு ஆடுபவரின் தாய், தந்தை இருவரும் வெள்ளையராக இருக்க வேண்டும் என்பது விதி. 1926இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் பேரரசுப் பட்டத்தை வென்றுவந்தார். ஊருக்குத் திரும்பியதும் அதையும் ஏற்க மறுத்தார்கள்.

இங்கே ரவுண்டு கணக்கு இல்லை, தாடை எப்படி என்ற ஆராய்ச்சி இல்லை. பிறப்புச் சான்றிதழே தீர்ப்பு. நமக்குப் புதிதா இது?

அந்த விதி 1948 வரை நீடித்தது. அது நீங்கிய அதே ஆண்டில் டிக் டர்ப்பின் என்ற கறுப்பின ஆட்டக்காரர் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். மூன்றே ஆண்டில், 1951 ஜூலையில், அவருடைய தம்பி ராண்டால்ஃப் டர்ப்பின், உலகமே அசைக்க முடியாதவர் என்று நினைத்த சுகர் ரே ராபின்சனை லண்டனில் வென்று உலகச் சாம்பியன் ஆனார். கதவைத் திறந்த மூன்றாம் ஆண்டு உலகப் பட்டம்! அப்படியென்றால் அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை பேர் தயாராக நின்று வயதாகிப் போனார்கள்?

லென் ஜான்சன் பிறகு பஸ் ஓட்டினார், கம்யூனிஸ்ட் ஆனார், மான்செஸ்டரில் நிறவெறிக்கு எதிராக அமைப்புக் கட்டினார். 1953இல் ஒரு மதுக்கடையில் கறுப்பர் என்று அவருக்குப் பரிமாற மறுத்தபோது ஊரைத் திரட்டி அந்தத் தடையை உடைத்தார். ரிங்கில் தராத பட்டத்தைவிடப் பெரிய வேலை.

நம் பக்கத்துக் கதையும் இதுவே. கிரிக்கெட்டில் பல்வங்கர் பாலு. தலித், இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். 1911இல் இங்கிலாந்துக்குப் போன இந்திய அணியில் 114 விக்கெட் எடுத்தார். அதற்குமேல் என்ன நிரூபிக்க வேண்டும்? ஆனால் இந்து அணியின் கேப்டனாக அவரை ஏற்க மனம் வரவில்லை. 1920இல் அவர் தம்பிகள் எதிர்ப்புத் தெரிவித்து அணியிலிருந்து விலகினார்கள். பிறகுதான் தம்பி விட்டலுக்குக் கேப்டன் பதவி வந்தது. பந்து வீசத் தயார், தலைமை தாங்கத் தயாரில்லை. இன்றும் நம்மைத் தெருவில் முழக்கம் போடத் தயார் என்றும், மேடையில் பேசத் தயாரில்லை என்றும் பிரிக்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். முற்போக்கு மேடைகளிலும் பார்த்திருப்பீர்கள்.

வடசென்னையின் குத்துச்சண்டை மரபை 2021இல் வந்த 'சார்பட்டா பரம்பரை' படத்துக்குப் பிறகு ஊரே பேசியது. 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சி ஆட்டம் ஆடினார். 1994இல் பாங்காக்கில் நடந்த உலகக் கோப்பையில் சென்னையின் வி. தேவராஜன் வெண்கலம் வாங்கினார். ஆனால் தமிழ்நாட்டில் இளைஞர்களைக் கேளுங்கள், சினிமாக் கதாபாத்திரத்தின் பெயர் தெரியும், தேவராஜன் பெயர் தெரியாது. திறமை இல்லாத மண் இல்லை இது. வென்றவரைப் பார்த்து அடுத்தவர் நடக்க வழி போடாத மண்.

பார் பார்த்தவர்கள்

இனி நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடியில் முத்துச்சிலாபம் எப்படி நடந்தது என்று படிப்பகத்தில் பாடமாகவே எடுக்கிறேன். பாடப்புத்தகத்தில் முத்து இருக்கும், குளித்தவர் இருக்கமாட்டார்.

சிப்பி கடலடிப் பாறைத்திட்டுகளில் வளரும். அதைப் பார் என்பார்கள். தொலையிரம் பார் இந்தக் கரையில் பேர்பெற்றது. நினைத்த நேரத்தில் இறங்கி அள்ள முடியாது. முதலில் பாரைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சிப்பி எடுத்து, எண்ணி, அழுகவிட்டு, கழுவி, கிடைக்கும் முத்தைத் துளை வேறுபட்ட சல்லடைகளில் சலித்துத் தரம்பிரித்து விலை மதிப்பார்கள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறும் என்று கணக்குத் தேறினால்தான் அந்த ஆண்டு குளிப்பு. தேறாவிட்டால் விட்டுவைப்பார்கள்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அவசரப்பட்டு இளம் சிப்பியை எடுத்தால் முத்து இராது, வருங்கால விளைச்சலும் போகும். சரி, காத்திருக்கலாம் என்று அளவுக்கு மீறிக் காத்திருந்தால் முதிர்ந்த சிப்பி கடலடியிலேயே செத்துப்போகும். அடுத்த முறை போய்ப் பார்த்தால் பார் வெறுமையாக இருக்கும். ஆக, "இன்னும் இல்லை" என்று சொல்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. எப்போது என்று அவர் சொல்லியாக வேண்டும். வருடா வருடம் போய்ச் சோதித்துப் பார்க்கவும் வேண்டும். பார்க்காமலே "இன்னும் இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் சிப்பியைக் கொல்கிறார்.

1961க்குப் பிறகு இங்கே அப்படியான சிலாபம் நடக்கவில்லை. சங்குகுளி இன்றும் இருக்கிறது. திரேஸ்புரம் பக்கம் போனால் கம்ப்ரஸரில் காற்றுப்பிடித்துக் குளிக்கிறவர்களைப் பார்க்கலாம். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உடம்பு முடங்கிப்போகும் அபாயம் அந்தத் தொழிலில் எப்போதும் உண்டு.

மூச்சடக்கிக் குளித்த காலத்தில், இடுப்புக் கயிற்றைத் தோணியில் இருந்து பிடிக்கிறவர் மைத்துனராக இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, அசந்து நிற்கமாட்டான் என்பது கணக்கு. எல்லாத் தோணியிலும் அப்படித்தான் இருந்ததா என்பதை விடுங்கள், அந்தச் சொலவடையில் உள்ள அறிவைப் பாருங்கள். கீழே போகிறவனுக்கு ஒன்று ஆனால் தன் வீட்டிலும் இழவு விழும் என்ற நிலையில் இருப்பவனிடம்தான் கயிற்றைக் கொடுக்க வேண்டும்.

ஒன்பது நாள்

எங்கள் படிப்பகத்தில் ஒரு பையன். உப்பளத்துக் குடும்பம், அம்மா விடியுமுன்னே உப்பு வாரப் போவார். பையன் டவுனில் ஒரு சின்ன கிளப்பில் மூன்று வருடமாகப் பாக்ஸிங் பழகினான். 18 வயது முடிந்த சில வாரத்தில் வெளியூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். தொழில்முறை ஆட்டம், பதினைந்தாயிரம் ரூபாய், போக்குவரத்துச் செலவு தனி. ஆட்டத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. எதிராளி இவனைவிட நான்கு கிலோ கூட. "தம்பி மேல வர நல்ல சான்ஸ்" என்றாராம்.

பையன் என்னிடம் வந்தான். "யக்கா, நான் ரெடியா இல்லையா, நீங்க சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. அதற்குப் பதில் அவனும் நானும் அவனுடைய மாஸ்டரும் அம்மாவும் ஒரு சாயங்காலம் உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதைப் பேப்பரில் எழுதினோம். எதிராளி யார், எத்தனை ஆட்டம் ஆடியவர்? எத்தனை ரவுண்டு? நான்கு கிலோ வித்தியாசத்தை யார் ஒத்துக்கொண்டது? ரிங் ஓரம் டாக்டர் உண்டா, ஆம்புலன்ஸ் நிற்குமா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? ஒன்பது நாள் முன்பு ஏன் கூப்பிடுகிறார்கள், முதலில் ஒப்புக்கொண்டவர் எங்கே போனார்?

மாஸ்டர் அந்த எண்ணுக்குப் போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். முதல் இரண்டுக்குப் பதில் வந்தது. எதிராளி எட்டு ஆட்டம் ஆடியவர், எட்டும் வெற்றி. டாக்டர் பற்றிக் கேட்டதும் "அதெல்லாம் பாத்துக்கலாம் மாஸ்டர்" என்றார். செலவு பற்றிக் கேட்டதும் லைன் கட்டானது.

அப்போது நான் பையன்களுக்குப் பீட்டர் பக்லி கதையைச் சொன்னேன். பர்மிங்ஹாமைச் சேர்ந்தவர். 300 தொழில்முறை ஆட்டம், அதில் 256 தோல்வி. நசீம் ஹமீது போன்ற வருங்காலச் சாம்பியன்கள் ஏறிப்போக அவர் படியாக இருந்தார். பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களை ஜர்னிமேன் என்கிறார்கள். கடைசி நேரத்தில் கூப்பிட்டாலும் வருவார், கூலி வாங்கிக்கொண்டு தோற்பார், அடுத்த வாரம் இன்னோர் ஊர். நான் அவரை இழிவாகப் பேசமாட்டேன். அடி படாமல் தோற்பது எப்படி என்று அறிந்த கைதேர்ந்த தொழிலாளி அவர். தன் வேலை என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் பையனுக்கு அது சொல்லப்படவில்லை. அவனிடம் தோல்வியை விலைக்குக் கேட்டார்கள், அதற்கு வாய்ப்பு என்று பெயர் வைத்தார்கள்.

அம்மா அதுவரை பேசவில்லை. கடைசியில், "அடி வாங்கித்தான் அவன் சோறு கொண்டாரணும்னா அந்தச் சோறு எனக்கு வேண்டாம் பிள்ள. ஜெயிக்கப் போறான்னா சொல்லு, நான் கூட வந்து நிக்கேன்" என்றார்.

பையன் போகவில்லை. முடிவு அவனுடையது. ஆனால் நாங்கள் அத்தோடு விட்டிருந்தால் நாங்களும் கதவை அடைத்தவர்களாகியிருப்போம். மாஸ்டர் அன்றே மூன்று குறை சொன்னார்: அடித்துவிட்டு இடது கையைக் கீழே விடுகிறான், மூன்றாவது ரவுண்டில் கால் நிற்கிறது, வலதுபக்கம் நகரவே மாட்டான். அடுத்த ஆறு மாதத்துக்கு மாவட்ட அளவில், மாநில அளவில் எந்தெந்தப் போட்டி என்று தேதி எழுதினார். முட்டைக்கும் பாலுக்கும் எங்கள் அமைப்பு மாதம் ஒரு தொகை ஒதுக்கியது. மாவட்டத்தில் வென்றான். மாநிலப் போட்டியில் காலிறுதியில் புள்ளியில் தோற்றான். தோற்ற ஆட்டத்தின் மூன்றாவது ரவுண்டு அவனுடையது. கால் நின்றிருந்தது.

நாமும் கயிறு பிடிக்கிறோம்

1975இல் மணிலாவில் அலிக்கும் ஜோ ஃபிரேசியருக்கும் நடந்த ஆட்டம் உலகப் புகழ்பெற்றது. பதினான்கு ரவுண்டு முடிந்தது. ஃபிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. அவர் எழுந்து போகத் துடித்தார். பயிற்சியாளர் எடி ஃபுட்ச் விடவில்லை, ஆட்டத்தை நிறுத்தினார். ஒரே ஒரு ரவுண்டு பாக்கி. பட்டம் போனது, ஃபிரேசியர் உயிரோடு வீட்டுக்குப் போனார்.

1991இல் லண்டனில் மைக்கேல் வாட்சனுக்கு அப்படி நேரவில்லை. கிறிஸ் யூபாங்கோடு ஆடி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. உடனே உயிர்காக்கும் சிகிச்சை தர ரிங் ஓரத்தில் ஏற்பாடு இல்லை. 40 நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்தார், உடம்பு பழையபடி ஆகவில்லை. அவர் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின்மேல் வழக்குப் போட்டு வென்றார். ரிங்கில் ஏறு என்று அனுமதிப்பவருக்கு, விழுந்தால் தூக்கும் கடமையும் உண்டு என்று நீதிமன்றம் சொன்னது.

இந்தத் தீர்ப்பை நம் இயக்கங்களின் கதவில் எழுதி ஒட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

நாமும் ஆட்களை ரிங்கில் ஏற்றுகிறோம். 19 வயதுப் பையனைக் கூப்பிட்டு, "நீதான் புகார்தாரர், கையெழுத்துப் போடு" என்கிறோம். கல்லூரி மாணவியை மறியலில் முதல் வரிசையில் நிறுத்துகிறோம். போட்டோ நன்றாக வருகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவான மறுநாள் எதிர்வழக்கு வரும் என்பது நமக்குத் தெரியும். அந்த எஃப்.ஐ.ஆர். நாளைக்குப் போலீஸ் வெரிஃபிகேஷனில் வந்து நிற்கும், அரசு வேலையைத் தடுக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2018 மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 பேரைப் பறிகொடுத்த ஊர் இது. வழக்கு என்றால் என்ன, ஒரு குடும்பம் எத்தனை ஆண்டு அதற்குள் கிடக்கும் என்று இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம். அப்படியிருந்தும் ஒன்பது நாள் அவகாசத்தில் போன் போட்டவரைப்போல நாம் நடந்துகொண்டால், அவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பதினைந்து வருடம் அமைப்பில் உழைத்த பெண் தோழரை மாவட்டப் பொறுப்புக்கு "இன்னும் பக்குவம் வரணும்" என்று தள்ளிவைப்பதும் நம்மிடம் நடக்கிறது. என்ன பக்குவம், எப்போது வரும், யார் சோதித்தது? லென் ஜான்சனுக்குச் சொல்லப்பட்டதற்கும் இதற்கும் எழுத்து மட்டும்தான் வேறு.

இளம் தோழர்களுக்கு நான் தரக்கூடியது மூன்று கேள்விகள். யாராவது உங்களைத் தயார் என்றாலும், தயாரில்லை என்றாலும் கேளுங்கள்.

ஒன்று, எதை வைத்துச் சொல்கிறீர்கள்? குறையைப் பெயர் சொல்லிக் காட்ட முடியாதவரின் தீர்ப்பை நெஞ்சில் ஏற்றாதீர்கள்.

இரண்டு, எப்போது, அதுவரை நீங்கள் எனக்கு என்ன செய்வீர்கள்? தேதியும் உதவியும் இல்லாத "இன்னும் இல்லை" என்பது கதவு.

மூன்று, உங்கள் கணிப்புத் தப்பினால் நட்டம் யாருக்கு? நட்டம் முழுக்க உங்களுக்கும் லாபம் முழுக்க அவருக்கும் என்றால், அவர் கையில் கயிற்றைக் கொடுக்காதீர்கள்.

இட்டௌமா உலகச் சாம்பியன் ஆவாரா? ஆவார் என்று எங்கள் பையன்கள் பந்தயம் கட்டுகிறார்கள். என் கணிப்பைக் கேட்டால், அந்தக் கைகள் தயார், அந்த மூச்சுதான் இன்னும் சோதிக்கப்படவில்லை. பத்து ரவுண்டு நின்று ஆடக்கூடிய, எளிதில் விழாத இரண்டு பேரோடு அவரை ஆடவிட்டுப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். அவருக்கு அந்தச் சோதனையை ஏற்பாடு செய்யப் பெரிய நிறுவனமே இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதை ஏற்பாடு செய்ய வேண்டியவர்கள் நாம்தான். மாநிலப் போட்டி அடுத்து வருகிறது. ரயில் டிக்கெட்டுக்கும் கிளவுஸுக்கும் உதவ நினைப்பவர்கள் உங்கள் ஊரிலேயே ஒரு கிளப்பைத் தேடிப் போங்கள். அங்கேயும் ஒரு பையனோ பெண்ணோ இதே கேள்வியோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

ஜெய் பீம்.